நிலத்தை விற்றுத் தண்ணீரை வைத்துக்கொள்வது எப்படி? கொலராடோ மேய்ச்சல் பண்ணைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொலராடோவில் ஒரு மேய்ச்சல் பண்ணை விலைக்கு வருகிறது என்றால், அங்கே விலைக்கு வருவது இரண்டு சொத்து. ஒன்று நிலம். மற்றொன்று, அந்த நிலத்தில் பாயும் தண்ணீரின் மீதான உரிமை. சட்டத்தின் கண்ணில் இரண்டுமே அசையாச் சொத்துதான். இரண்டையும் ஒரே ஆளுக்கு விற்கலாம். தண்ணீரை மட்டும் விற்றுவிட்டு நிலத்தில் மாடு மேய்க்கலாம். நிலத்தைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரை நம் பெயரிலேயே வைத்துக்கொள்ளவும் செய்யலாம்.

கடைசியாகச் சொன்னதைத்தான் பல பண்ணைக் குடும்பங்கள் யோசிக்கின்றன. பிள்ளைகள் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள், மாடு பார்க்க ஆளில்லை, நிலத்தை விற்றாக வேண்டும். ஆனால் 1880களில் பதிவான தண்ணீரைக் கைவிட மனம் வரவில்லை. நியாயமான எண்ணம். பல பகுதிகளில் நிலத்தைவிடத் தண்ணீருக்குத்தான் மதிப்பு.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பத்திரத்தில் ஒரு பத்தி எழுதித் தண்ணீரைப் பிரித்துவிட முடியும். பிரித்த பிறகு அதை எங்கே, எந்த வாய்க்கால் வழியாக, எதற்குப் பயன்படுத்துவது என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அந்த உரிமை சில ஆண்டுகளில் செல்லாக்காசு ஆகிவிடும். அதனால்தான் இங்கே பத்திரத்தைவிட, பத்திரத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றைப் பற்றி அதிகம் எழுதுகிறேன்.

முதல் படி: கையில் இருப்பது எந்த வகை உரிமை என்று தெரிந்துகொள்ளுங்கள்

கொலராடோவில் ஆற்றுத் தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை. 1876-ஆம் ஆண்டின் மாநில அரசியல் சாசனம் அதைப் பொதுச்சொத்து என்கிறது. தனிமனிதருக்கு உள்ளது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கு முதல் உரிமை. ஆற்றங்கரையில் நிலம் இருக்கிறது என்பதற்காக எந்தச் சலுகையும் கிடையாது. 1882-இல் காஃபின் எதிர் லெஃப்ட் ஹேண்ட் டிட்ச் கம்பெனி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. செயின்ட் வ்ரெய்ன் ஓடையின் தண்ணீரை வேறொரு ஓடைப் படுகைக்குத் திருப்பிக் கொண்டுபோன வாய்க்கால்காரர்களே, கீழே கரையோரத்தில் நிலம் வைத்திருந்தவர்களுக்கு எதிராக ஜெயித்தார்கள்.

நம் ஊர்ப் பாசனத்தில் கடைமடைக்காரர் எப்போதும் கடைசி. கொலராடோவில் அப்படியில்லை. கடைமடையில் இருப்பவரின் தேதி பழையதாக இருந்தால், வறட்சிக் காலத்தில் அவர் கேட்டதும் மேலே உள்ள புதிய தேதிக்காரர் மதகை மூடியாக வேண்டும். மாநிலத்திலேயே தொடர்ந்து பயன்பாட்டில் இருக்கும் மிகப் பழைய உரிமை, சான் லூயிஸ் பீப்பிள்ஸ் டிட்ச் என்ற வாய்க்காலுடையது. அதன் தேதி 1852 ஏப்ரல் 10. ஆகவே உங்கள் உரிமையின் மதிப்பில் பாதி அந்தத் தேதியில் இருக்கிறது. ராக்கி மலைத்தொடரின் மேற்குச் சரிவில், கொலராடோ ஆற்றுப் படுகையில் உள்ளவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அந்த ஆற்றுத் தண்ணீரை மாநிலங்களுக்கிடையே பங்கிட்ட 1922-ஆம் ஆண்டின் கொலராடோ ஆற்று ஒப்பந்தத்துக்கு முன்பே பயன்பாட்டுக்கு வந்த உரிமைகளுக்குத் தனி மவுசு.

சரி, ஒரு பண்ணையில் எத்தனை வகைத் தண்ணீர் இருக்கலாம்? நான்கைந்து இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு.

ஆற்றிலிருந்து நேரடியாக எடுக்கும், நீதிமன்றத் தீர்ப்பு பெற்ற உரிமை ஒன்று. இதைப் பத்திரம் எழுதித்தான் மாற்ற முடியும்.

வாய்க்கால் கம்பெனியின் ஷேர் இன்னொன்று. பல விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனி இது. உங்களிடம் இருப்பது ஒரு ஷேர் சான்றிதழ். கம்பெனியின் புத்தகத்தில் பெயர் மாறினால்தான் கை மாறியதாகக் கணக்கு. துணைவிதிகளைக் கட்டாயம் படித்துவிடுங்கள். தண்ணீரை வாய்க்காலை விட்டு வெளியே கொண்டுபோகக் கம்பெனியின் அனுமதி வேண்டும் என்று விதி இருக்கலாம். அப்படிப்பட்ட விதி செல்லும் என்று ஃபோர்ட் லையன் கால்வாய் வழக்கில் 1982-இலேயே தீர்ப்பாகிவிட்டது.

வடக்குப் பகுதியில் கொலராடோ–பிக் தாம்சன் திட்டத்தின் யூனிட்டுகள், அதாவது அந்தத் திட்டத் தண்ணீரின் பங்குகள், இருக்கலாம். மொத்தம் 3,10,000 யூனிட்டுகள். மலைத்தொடருக்கு அந்தப்பக்கமிருந்து குகைவழியே கொண்டுவரும் தண்ணீர் இது. நிலத்தோடு இணைத்து ஒதுக்கப்பட்ட யூனிட்டை வேறு இடத்துக்கு மாற்ற நார்தர்ன் வாட்டர் அமைப்பின் வாரியம் சம்மதிக்க வேண்டும். அந்த அமைப்பின் எல்லைக்கு வெளியே கொண்டுபோக முடியாது.

அப்புறம் கிணறுகள். வீட்டுக்கும் மாட்டுக்குமான சிறிய கிணற்றின் அனுமதி, அந்த மனையோடும் அதன் பரப்போடும் ஒட்டியது. 35 ஏக்கரோ அதற்கு மேலோ உள்ள நிலத்துக்குக் கிடைக்கும் தாராளமான அனுமதி, நிலத்தைத் துண்டாக்கி 35-க்குக் கீழே கொண்டுவந்தால் கிடைக்காமல் போகலாம். வீட்டுக் கிணற்றை வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள். வாங்குபவருக்கு அதுதான் குடிதண்ணீர், உங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

டென்வரைச் சுற்றியுள்ள ஆழ்நிலத்தடி நீர் தனிக்கதை. ஆற்றோடு தொடர்பே இல்லாத அந்த நீரின் உரிமை, மேலே உள்ள நிலத்தின் உரிமையிலிருந்து வருகிறது. 100 ஆண்டு ஆயுள் கணக்கில், ஆண்டுக்கு ஒரு சதவீதம் எடுக்கலாம். கிணறே தோண்டாமல் இருந்தாலும் இந்த உரிமை உண்டு. பலருக்குத் தங்களிடம் இது இருப்பதே தெரியாது, தெரியாமலே விற்றுவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: தாய்ப் பத்திரத்திலிருந்து தேடுங்கள்

நிலத்துக்கு உரிமைக் காப்பீடு செய்யும் நிறுவனங்கள் வழக்கமாகத் தண்ணீருக்குப் பொறுப்பேற்பதில்லை. பாலிசியிலேயே தண்ணீர் விலக்கப்பட்டிருக்கும். அதனால் நிலத்தின் பத்திரங்கள் சுத்தமாக இருந்தும் தண்ணீரின் பத்திரங்கள் நடுவில் அறுந்துபோயிருக்கலாம். 1930-இல் ஒரு பங்காளி பாதித் தண்ணீரை அண்டைப் பண்ணைக்கு எழுதிக் கொடுத்திருப்பார். 1961-இல் ஒரு பத்திரத்தில் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தைகூட இருக்காது. வில்லங்கம் பார்ப்பதுபோல், கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பதிவகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கைமாற்றத்தையும் தண்ணீருக்கென்று தனியாகத் தேட வேண்டும். இந்தத் தேடலைச் செய்ய, தண்ணீர்ச் சட்டம் மட்டுமே பார்க்கும் வழக்கறிஞர்கள் கொலராடோவில் உண்டு. செலவைப் பார்க்காமல் ஒருவரைப் பிடித்துவிடுங்கள். வீடு விற்றுக் கொடுக்கும் முகவரை மட்டும் நம்பி இறங்கக் கூடாத வேலை இது.

அதே நேரத்தில் மூன்று ஆவணங்களை எடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நீர் நீதிமன்றத் தீர்ப்பு. கொலராடோவில் ஆற்றுப் படுகைக்கு ஒன்றாக ஏழு நீர்க் கோட்டங்கள் உள்ளன. கிரீலி, ப்யூப்லோ, அலமோசா, மான்ட்ரோஸ், க்ளென்வுட் ஸ்பிரிங்ஸ், ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ், டுராங்கோ ஆகிய ஊர்களில் அவற்றின் நீதிமன்றங்கள் இருக்கின்றன. தீர்ப்பில் தேதி, அளவு, எடுக்கும் இடம், எதற்கான பயன் எல்லாம் இருக்கும். இரண்டு, ஆண்டுவாரியாக எவ்வளவு தண்ணீர் எடுக்கப்பட்டது என்ற பதிவேடு. மாநில நீர்வளப் பிரிவின் இணையதளத்தில் இது இலவசமாகக் கிடைக்கும். மூன்று, அடமானப் பத்திரம். வங்கியில் நிலத்தை அடகு வைத்தபோது தண்ணீரையும் சேர்த்து வைத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்படியிருந்தால் தண்ணீரை விடுவித்துத் தனியாக எழுதி வாங்க வேண்டும்.

நிலத்தின் மேல் பாதுகாப்பு ஒப்பந்தம் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். வரிச்சலுகைக்காக, இந்த நிலத்தில் வீடு கட்டமாட்டோம் என்று அறக்கட்டளைகளுக்கு எழுதிக் கொடுத்த பண்ணைகள் ஏராளம். அதில் தண்ணீரையும் நிலத்தோடு கட்டிப்போட்டிருந்தால், கதை அங்கேயே முடிந்துவிட்டது. பிரிக்க முடியாது.

மூன்றாம் படி: எவ்வளவு தண்ணீர் உண்மையில் உங்களுடையது?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். தீர்ப்பில் வினாடிக்கு 2 கன அடி என்று எழுதியிருக்கும். அதையெல்லாம் வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று நினைப்பார்கள். முடியாது.

ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 120 ஏக்கர் புல்வெளி. 1886-ஆம் ஆண்டுத் தேதியோடு வினாடிக்கு 2 கன அடி உரிமை. ஒரு கன அடி ஓட்டம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஏறத்தாழ 2 ஏக்கர்-அடி. ஒரு ஏக்கர்-அடி என்பது ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், சுமார் 12.3 லட்சம் லிட்டர். மே முதல் ஆகஸ்ட் வரை மதகு திறந்திருக்கிறது, பருவத்துக்கு 450 ஏக்கர்-அடி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் புல் குடித்தது ஏக்கருக்கு ஒன்றரை அடி என்றால் மொத்தம் 180 ஏக்கர்-அடி. மீதி 270 என்ன ஆனது? மண்ணில் கசிந்தும் வடிகாலில் ஓடியும் ஆற்றுக்கே திரும்பியது. கீழே உள்ள இன்னொரு பண்ணைக்காரர் பல்லாண்டுகளாக அந்தத் தண்ணீரை நம்பித்தான் விவசாயம் செய்துகொண்டிருக்கிறார்.

ஆகவே வேறு இடத்துக்கோ வேறு பயனுக்கோ நீங்கள் மாற்றக்கூடியது அந்த 180 மட்டும்தான். மீதி 270-ஐ அதே காலத்தில், அதே அளவில் ஆற்றுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டிய கடமையும் உங்கள் தலையில் இருக்கும். கசிந்து திரும்பும் நீர் சில நேரங்களில் குளிர்காலத்தில்தான் ஆற்றைச் சேரும். அதை ஈடுகட்ட ஒரு குளமோ ஏரியோ தேவைப்படலாம்.

இந்தக் கணக்கை நீர்ப் பொறியாளர் ஒருவரை வைத்து, நிலத்தை விற்கும் முன்பே போடுங்கள். பழைய விமானப் படங்கள், வைக்கோல் விற்ற ரசீதுகள், மாட்டு எண்ணிக்கை, வாய்க்கால் கம்பெனியின் பதிவு எல்லாமே சாட்சியம். நிலம் கை மாறிவிட்டால் புதிய உரிமையாளரின் அனுமதி இல்லாமல் பொறியாளர் உள்ளே கால்வைக்க முடியாது. ஐம்பது வருடமாக அந்த வயலுக்குத் தண்ணீர் கட்டியவர் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் வாக்குமூலம் வாங்கி வைத்துவிடுங்கள். எந்த மூலைக்கு எந்த மாதத்தில் தண்ணீர் எட்டாது என்பது அவருக்குத்தான் தெரியும்.

நான்காம் படி: தண்ணீர் எங்கே போகப்போகிறது?

வைத்துக்கொள்கிறேன், அப்புறம் நல்ல விலை வந்தால் பார்ப்போம் என்பது கொலராடோவில் செல்லாது. ஊகத்தில் தண்ணீரைப் பதுக்கக் கூடாது என்பது அங்கே பழைய கொள்கை. 2005-இல் ஹை ப்ளெயின்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கு இதற்கு நல்ல பாடம். ஆர்கன்சா பள்ளத்தாக்கில் ஃபோர்ட் லையன் கால்வாயின் ஷேர்களை அது வாங்கிக் குவித்தது. 28 கவுண்டிகளில் எங்கு வேண்டுமானாலும், 50-க்கும் மேற்பட்ட பயன்களில் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தப் பயன்மாற்றம், அதாவது தண்ணீரின் இடத்தையோ பயனையோ மாற்ற நீதிமன்ற அனுமதி, கேட்டது. எங்கே, யாருக்கு, எவ்வளவு என்று சொல்லாத மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆகவே நடைமுறையில் உங்களுக்கு உள்ள வழிகள் இவைதான்.

பண்ணையில் ஒரு பகுதியை விற்று மறுபகுதியை வைத்துக்கொள்வது மிகப் பாதுகாப்பான வழி. தண்ணீரை அந்த மீதி நிலத்துக்கே பாய்ச்சலாம். ஆனால் முன்பு 120 ஏக்கருக்குப் பாய்ந்ததை இப்போது புதிய 60 ஏக்கருக்குப் பாய்ச்சுவதும் பயன்மாற்றம்தான். நீதிமன்ற அனுமதி வேண்டும்.

இரண்டாவது வழி, நிலத்தை வாங்கியவருக்கே தண்ணீரைக் குத்தகைக்கு விடுவது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். அவர் புல் வளர்க்கிறார், உங்களுக்குக் குத்தகை வருகிறது, பயன்பாட்டுப் பதிவும் அறுபடாமல் தொடர்கிறது. குத்தகைதாரர் பயன்படுத்தினாலும் அது உங்கள் உரிமையின் பயன்பாடாகவே கணக்காகும். பயன்மாற்ற வழக்கு முடிய ஆண்டுகள் ஆகலாம் என்பதால், இடைக்காலத்துக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

மூன்றாவது, நகரத்துக்கு விற்பது அல்லது சில ஆண்டுகளுக்கு மட்டும் விடுவது. கொலராடோ 2013-இல் ஒரு சோதனைத் திட்டத்துக்குச் சட்டம் போட்டது. பத்து ஆண்டில் அதிகபட்சம் மூன்று ஆண்டு வயலைத் தரிசாக விட்டு, அந்தத் தண்ணீரை ஊர்களுக்கு வாடகைக்குக் கொடுக்க அது வழிசெய்தது. கேட்லின் கால்வாய் விவசாயிகள் 2015-இல் இதைத் தொடங்கினார்கள். வயலையும் காப்பாற்றி, வருமானமும் பார்க்கும் ஏற்பாடு.

நான்காவது, ஆற்றிலேயே விடுவது. மீனும் ஓடையும் பிழைக்கட்டும் என்று தண்ணீரை ஆற்றில் விட்டுவைக்கும் உரிமையை மாநிலத்தின் நீர்ப் பாதுகாப்பு வாரியம் மட்டுமே வைத்திருக்க முடியும். அதற்கு விற்கலாம், தானம் செய்யலாம், தற்காலிகமாகக் கடனாகவும் கொடுக்கலாம். 2001-இல் தொடங்கிய கொலராடோ வாட்டர் ட்ரஸ்ட் இதற்கு உதவுகிறது.

ஐந்தாம் படி: வாங்குபவரிடம் முதல் நாளே சொல்லுங்கள்

விளம்பரத்திலேயே, பாசனத் தண்ணீர் இல்லாமல் விற்கப்படும் நிலம் என்று எழுதிவிடுங்கள். பச்சைப் பசேலென்று இருக்கும் ஜூன் மாதப் புல்வெளியைப் பார்த்துவிட்டு விலை பேசுபவர், அடுத்த ஜூனில் அது மஞ்சளாக நிற்பதைப் பார்த்தால் நீதிமன்றத்துக்குத்தான் போவார். மாநிலத்தின் கிரய ஒப்பந்தப் படிவத்தில் தண்ணீருக்கென்று தனிப்பகுதியே இருக்கிறது. பத்திரத் தண்ணீர், கிணறு, ஷேர் சான்றிதழ் என்று ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. எது போகிறது, எது போகவில்லை என்று ஒவ்வொன்றாக நிரப்புங்கள். காலியாக விட்ட கட்டம்தான் பின்னால் வழக்காகிறது.

மாடுகளுக்கான தண்ணீரை வாங்குபவருக்கு விட்டுக்கொடுப்பது நல்லது. தண்ணீர்த் தொட்டிக்கும் ஊற்றுக்கும் வழியில்லாத மேய்ச்சல் நிலத்தை யாரும் வாங்கமாட்டார்கள். பண்ணையோடு சேர்ந்த கூட்டாட்சி அரசு நிலத்தில் மேய்ச்சல் அனுமதி இருந்தால், அது உங்கள் சொந்த நிலத்தையோ தண்ணீரையோ அடிப்படையாக வைத்துத் தரப்பட்டிருக்கும். அதைக் கெடுத்துவிடாமல் பிரிக்க வேண்டும்.

ஆறாம் படி: கிரயப் பத்திரம்

ஆற்றுத் தண்ணீர் பற்றிப் பத்திரம் ஒன்றும் பேசாவிட்டால் என்ன ஆகும்? விற்றவரின் எண்ணம் என்ன என்று நீதிமன்றம் சூழ்நிலையை வைத்து ஊகிக்கும். அந்த நிலத்தை அனுபவிக்க அந்தத் தண்ணீர் அவசியமா என்று பார்க்கும். காலங்காலமாகப் பாசனம் நடந்த புல்வெளி என்றால், தண்ணீரும் சேர்ந்தே போனது என்று தீர்ப்பாக நல்ல வாய்ப்பு. ஆழ்நிலத்தடி நீரில் விதி இன்னும் கடுமை. 1996-இல் பேயூ லேண்ட் கம்பெனி எதிர் டாலி வழக்கில், வெளிப்படையாக விலக்கி எழுதாவிட்டால் அது நிலத்தோடு போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

கிரய ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோமே, போதாதா? போதாது. பத்திரம் பதிவானதும் பொதுவாக ஒப்பந்தம் அதில் கரைந்துவிடும், பிறகு பேசுவது பத்திரம்தான். ‘நிலத்தோடு சேர்ந்த சகல பாத்தியங்களும்’ என்ற வழக்கமான சொற்றொடர் பத்திரத்தில் இருந்து, தண்ணீரை விலக்கும் பத்தி விட்டுப்போனால், நீங்களே கையெழுத்துப் போட்டுத் தண்ணீரைக் கொடுத்ததாக வாதாட வாங்கியவருக்கு வழி பிறக்கும்.

விலக்கும் பத்தியில் இருக்க வேண்டியவற்றைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “விற்பவர் பின்வருவனவற்றை இந்த விற்பனையிலிருந்து விலக்கித் தம்மிடமே வைத்துக்கொள்கிறார்: இன்ன வாய்க்காலில், இன்ன நீதிமன்றம், இன்ன எண் வழக்கில், இன்ன தேதியின் முன்னுரிமையோடு வினாடிக்கு 2 கன அடி வழங்கிய உரிமை முழுவதும், இந்நிலத்தின் கீழுள்ள நிலத்தடி நீர் அனைத்தும், இன்ன எண் அனுமதியுள்ள வீட்டுக் கிணறு நீங்கலாக, மேற்படி உரிமைக்கான தலைமதகு, வாய்க்கால், அளவுகோல் ஆகியவற்றில் விற்பவருக்குள்ள பங்கு, அவற்றைச் சென்றடையவும் பராமரிக்கவும் பழுதுபார்க்கவும் இந்நிலத்தின் வழியே நிரந்தரப் பாதை உரிமை, பயன்மாற்றத்துக்காக இந்நிலத்தில் பாசனத்தை நிறுத்தவும், புல் நட்டு நிலைநிறுத்தவும், அளவு பார்க்கவும் உரிமை.” சொற்களை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். இந்த ஐந்தில் ஒன்றுகூட விட்டுப்போகாமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாசனத்தை நிறுத்தும் உரிமைதான் நடைமுறையில் அடிக்கடி மறந்துபோகிறது. தண்ணீரை வேறு பயனுக்கு மாற்ற நீதிமன்றம் போகும்போது, பழைய வயல் காய்ந்தே கிடக்கும் என்று நிரூபிக்கச் சொல்வார்கள். அதற்கு நிலத்தின் மேல் ஓடும் உறுதிமொழி ஒன்று பதிவாக வேண்டும். நிலம் இப்போது வேறொருவருடையது. அவர் கையெழுத்துப் போட மறுத்தால் மொத்த வழக்கும் முடங்கும். நிலம் விற்கும் அன்றே அதை வாங்கிவிட வேண்டும்.

வாய்க்கால் பாதையும் அப்படித்தான். 2001-இல் ரோரிங் ஃபோர்க் கிளப் வழக்கில், தன் நிலத்தில் ஓடும் வாய்க்காலை நில உரிமையாளர் தன்னிச்சையாக நகர்த்தியது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வாய்க்கால் உரிமையாளரின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ வேண்டும். சட்டம் உங்கள் பக்கம்தான். ஆனாலும் அகலம் எத்தனை அடி, ஜேசிபி எந்த வாசல் வழியாக வரலாம், எந்த மாதத்தில் தூர்வாரலாம் என்று எழுதிவைத்தால் பிற்காலத்தில் அண்டைச்சண்டை இல்லை.

இதற்கு டெக்சாஸில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. கயோட்டி லேக் ராஞ்ச் என்ற பண்ணை, 1953-இல் வறட்சிக் காலத்தில் தன் நிலத்தடி நீரை லப்பக் நகரத்துக்கு விற்றது. நிலத்தைத் தானே வைத்துக்கொண்டது. வீட்டுக்கும் மேய்ச்சலுக்கும் எண்ணெய், எரிவாயு எடுப்பதற்கும் கொஞ்சம் பாசனத்துக்கும் மட்டும் தண்ணீரை ஒதுக்கிக்கொண்டது. அறுபது ஆண்டு கழித்து நகரம் புதிய கிணறுகள் தோண்டப் புல்லை வழித்துப் பாதை போட்டபோது, எங்கே தோண்டலாம், எங்கே கூடாது என்பதற்குப் பத்திரத்தில் தெளிவான பதில் இல்லை. மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2016-இல்தான் கொள்கை தெளிவானது: தண்ணீருக்காரர் நிலத்துக்காரரின் ஏற்கெனவே உள்ள பயன்பாட்டுக்கு நியாயமாக இடம்கொடுக்க வேண்டும். நீங்கள் நிற்பது லப்பக் நகரத்தின் இடத்தில். உங்கள் பாதையும் மதகும் எங்கே என்று பத்திரம் சொல்லட்டும், வரைபடமும் இணைத்துவிடுங்கள்.

விலையையும் பிரித்து எழுத வேண்டும். நீங்கள் முன்பு வாங்கிய விலையில் நிலத்துக்கு எவ்வளவு, தண்ணீருக்கு எவ்வளவு என்று பிரிப்பதை வைத்துத்தான் இப்போது மூலதன ஆதாய வரி வரும். கணக்காளரைக் கையெழுத்துக்கு முன்பே பாருங்கள்.

ஏழாம் படி: நீர் நீதிமன்றம்

பழைய பயன், பழைய இடம், பழைய மதகு என்று எல்லாம் அப்படியே இருந்தால் வழக்கு தேவையில்லை. ஒன்று மாறினாலும் விண்ணப்பம் போட வேண்டும். அந்த மாதம் வந்த விண்ணப்பங்களின் சுருக்கத்தை நீதிமன்றம் வெளியிடும். தாக்கல் செய்த மாதத்துக்கு அடுத்த இரண்டாவது மாதத்தின் கடைசி நாள் வரை யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் போடலாம். போடுவார்கள். அதைப் பகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கசிவுநீரை நம்பியிருப்பவர்கள் தங்கள் பங்கைக் காக்கிறார்கள், அது அவர்கள் உரிமை. நல்ல பொறியியல் அறிக்கை இருந்தால் பெரும்பாலும் பேச்சுவார்த்தையிலேயே நிபந்தனைகள் முடிவாகிவிடும்.

நிபந்தனைகளில் மிக முக்கியமானது காய்ந்த நிலத்தைப் புல்லால் மூடுவது. கிரௌலி கவுண்டியில் என்ன நடந்தது என்று கொலராடோவில் எல்லோருக்கும் தெரியும். 1970கள், 80களில் கொலராடோ கால்வாயின் தண்ணீர் நகரங்களுக்கு விற்கப்பட்டது. ஒரு காலத்தில் 50,000 ஏக்கருக்கு மேல் பாசனம் நடந்த பகுதி அது. இன்று அதில் சிறு பகுதிதான் மிஞ்சியிருக்கிறது. மற்ற இடத்தில் புழுதியும் களையும், வேலியில் அடைந்து கிடக்கும் காய்ந்த முட்புதரும். பள்ளிக்கூடம், கடை, வரி வருமானம் எல்லாமே அடி வாங்கின. தண்ணீர் போன பிறகு உள்ளூர்ப் புல்லை நட்டு வேர்பிடிக்க வைக்கவும் சில வருடம் தண்ணீர் வேண்டும். ஆகவே கடைசித் துளியையும் ஒரே ஆண்டில் எடுக்காமல், புல் நிலைக்கும்வரை படிப்படியாகக் குறையுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் விட்டுப்போகும் மண்ணின் மேல் இன்னொரு குடும்பம் வாழப்போகிறது.

கொலராடோ அல்லாத மாநிலமாக இருந்தால்

மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. வயோமிங்கில் ஆற்றோட்டத்தை நேரடியாக எடுக்கும் உரிமை நிலத்தோடு ஒட்டியது, சட்டம் வகுத்த மாற்று நடைமுறை வழியாக மட்டுமே கழற்ற முடியும். மான்டானாவில் வெளிப்படையாக விலக்காவிட்டால் நிலத்தோடு போய்விடும், மாநிலத் துறையிலும் உரிமை மாற்றத்தைப் பதிய வேண்டும். டெக்சாஸில் நிலத்தடி நீர் நிலத்துக்காரரின் சொத்து, கனிமத்தைப் போலப் பிரித்து எழுதலாம், ஆனால் பல இடங்களில் உள்ளூர் நிலத்தடி நீர் மாவட்டத்தின் விதிகள் உண்டு. கலிஃபோர்னியாவில் கரையோர உரிமை நிலத்தின் ஒரு பகுதி. நிலத்தை விற்றுவிட்டு அதைக் கையில் வைத்துக்கொண்டு வேறெங்கோ பயன்படுத்த முடியாது.

எட்டாம் படி: விற்ற பிறகு

பத்திரம் பதிவானதும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். வாய்க்கால் கம்பெனியில் உங்கள் புதிய முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். ஷேருக்கான ஆண்டுக் கட்டணத்துக்கான கடிதம் பழைய பண்ணை முகவரிக்குப் போய், கட்டாமல் விட்டதால் ஷேர் ஏலத்துக்குப் போகும் நிலை வரக் கூடாது. வீட்டுக் கிணற்றின் பெயர்மாற்றப் படிவம் வாங்கியவர் பெயருக்குப் போய்விட்டதா என்று உறுதிசெய்யுங்கள். இன்னும் பயன்பாட்டுக்கு வராத, நிபந்தனையோடு கூடிய உரிமை ஏதாவது வைத்திருந்தால், 6 ஆண்டுக்கு ஒருமுறை முயற்சி நடக்கிறது என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டும்.

பயன்படுத்தாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. 10 ஆண்டு தொடர்ந்து எடுக்கவில்லையென்றால், கைவிட்டதாகச் சட்டம் அனுமானிக்கும். அப்படியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. கோட்டப் பொறியாளர்கள் 10 ஆண்டுக்கு ஒருமுறை கைவிடப்பட்ட உரிமைகளின் பட்டியலை வெளியிடுகிறார்கள். 2020-இல் ஒன்று வந்தது, அடுத்தது 2030. குத்தகைதாரரிடம் ஒவ்வொரு பருவமும் மதகு திறந்த நாள், மூடிய நாள், அளவுகோலில் பார்த்த உயரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பருவம் முடிந்ததும் அதை அந்தப் பகுதியின் நீர் ஆணையரிடம் கொடுத்து, மாநிலப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று ஆண்டு இறுதிக்குள் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். ஏறவில்லையென்றால் அப்போதே கேளுங்கள். பத்து வருடம் கழித்துக் கேட்டால், நோட்டைத் தவிர உங்களிடம் வேறு சாட்சி இருக்காது.